ரேகை வைத்துக் கொடுத்த பிள்ளை

வடகவுஞ்சியில் அமெரிக்கா என்றால் அது தேசம் இல்லை, ஓர் ஆள். "அமெரிக்கா வீட்டுல கடப்பாரை கெடக்கு, வாங்கிட்டு வா" என்பார்கள். "அமெரிக்காவோட பசு சோளக்காட்டுக்குள்ள பூந்திருச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். மயில்சாமி அமெரிக்காவில் இருந்தது மொத்தம் ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு ஆயுசு முழுக்கப் பட்டம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து ஒரே ஒரு தடவை மரமேறியவரைச் சாகிற வரைக்கும் 'பன்னி' என்றே கூப்பிட்ட ஊர் அது.

1961-ல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. இங்கே இருக்கிற இளம் விவசாயிகள் அங்கே போய் ஒரு குடியானவர் வீட்டில் ஆறு மாசம் இருப்பது, அங்கே இருப்பவர்கள் இங்கே வந்து இருப்பது என்று ஒரு பரிமாற்றத் திட்டம் வந்தது. விடுதியில் தங்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் ஒருவராக உண்டு உறங்கி வேலை செய்ய வேண்டும். மயில்சாமி கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன், உருளைக்கிழங்கு விவசாயம் தெரிந்தவன். அவனைத் தேர்ந்தெடுக்க அதெல்லாம் காரணம் என்று சொன்னார்கள். அவனுக்கு முன்னால் கேட்ட மூன்று பேரின் தாய்மார்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணம்.

அப்பா சின்னச்சாமியை அவன் அய்யா என்று கூப்பிடுவான். அய்யா வாயைத் திறந்தால் 'ஏலே' என்றுதான் திறப்பார். ஏலே மண்வெட்டியை எடு, ஏலே வெரசா வா, ஏலே சாப்பிட்டியா. பாசம், கோபம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பிளாக் ஆபீசில் இருந்து ஒருவர் இங்கிலீஷ் காகிதம் கொண்டுவந்து, "மகனை அனுப்பச் சம்மதம்னு ஒரு ரேகை வையுங்க" என்றார். இரண்டு பக்கம் நெருக்கி அச்சடித்த காகிதம்.

"இதுல என்னதாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் அய்யா.

"எல்லாம் நான் சொன்னதுதான்" என்றார் வந்தவர். அவருக்கு மலையிறங்குகிற அவசரம். அய்யா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார்.

விஸ்கான்சின் என்ற இடத்தில் எல்மர் புரூக்ஸ் என்பவரின் பண்ணை. நாற்பது கறவை மாடு, கண்ணுக்கெட்டின தூரம் வரை மக்காச்சோளம், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. வீட்டில் இரண்டே பேர். எல்மருக்கு அறுபது வயதிருக்கும். அவர் மனைவி வெர்னா எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒரே மகன் ராய். கொரியாச் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. ராயின் அறையைத்தான் மயில்சாமிக்குக் கொடுத்தார்கள். அவன் கோட்டு, அவன் போர்வை, அவன் பூட்ஸ். பூட்ஸ் பெரிதாக இருந்ததால் முனையில் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டான்.

முதல் இரண்டு மாசம் அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை. ஊர் ஞாபகம் வந்து அழுவோம் என்று எதிர்பார்த்தான். அதுவும் வரவில்லை. வெள்ளனே எழுந்து மாட்டுக்குப் பால் கறக்கிற மிஷினை மாட்டினான். அவித்து மசித்த கிழங்கைக் கரண்டியால் தின்றான். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கோயிலுக்குப் போய் அவர்கள் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்தான். மாதர் சங்கத்தில் வேட்டி கட்டிக் காட்டச் சொன்னார்கள், கட்டிக் காட்டினான். கைதட்டினார்கள். குளிரில் விறைத்த விரலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி சில நாள் மனசைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஒன்றும் உறைக்காது.

எல்மரும் அய்யா மாதிரி அதிகம் பேசாத மனிதர். அது ஒன்றுதான் மயில்சாமிக்கு வீட்டு ஞாபகத்தைத் தந்தது. இரண்டு பேரும் பேசாமல் வேலி போடுவார்கள், பேசாமல் வைக்கோல் ஏற்றுவார்கள். ஜூலை மாசத்தில் ஒரு நாள் எல்மர் டிராக்டரை நிறுத்திவிட்டு, "நீ என்னை மிஸ்டர் என்று கூப்பிட வேண்டாம், டாட் என்று கூப்பிடு" என்றார். மயில்சாமிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நம் ஊரில் வழி கேட்கிறவன்கூடப் பெரியவர்களை அப்பா என்கிறான். அய்யா என்று கூப்பிடச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பான். டாட் என்பது வாய்க்கு இதமான ஒரு சொல், அவ்வளவுதான். கூப்பிட்டான்.

ஆகஸ்டில் அந்த வட்டாரத்துக் கண்காட்சி நடந்தது. மாடுகளுக்குப் பரிசு கொடுக்கிற இடத்தில் எல்மர் அவன் தோளில் கை போட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "இவன் என் பையன்" என்றார். அப்போதுதான் மயில்சாமிக்கு அங்கே வந்தபின் முதல்தடவையாக நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. சந்தோஷம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வந்ததும் வீட்டுக்குக் கடிதம் எழுதினான்: 'இந்த வீட்டில் பிள்ளை இல்லை. இவர்கள் என்னை மகனாக எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்பா அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.'

அவன் எழுதியது அன்பைப் பற்றி. போய்ச் சேர்ந்தது வேறு.

கடிதங்கள் கொடைக்கானல் கடைவீதியில் அமானுல்லா கடைக்கு வரும். விதை, உரம், சாக்கு விற்கிற கடை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அய்யா வரும்போது அமானுல்லா கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டுவார். பின்னால் அவர் சொல்லித்தான் மயில்சாமிக்கு நடந்தது தெரியும். அந்த வரி வந்ததும் அய்யா கையை நீட்டி நிறுத்தினாராம். "மறுக்கா வாசிங்க பாய்." வாசித்தாராம். "மகனா எடுத்துக்கிட்டாங்கன்னே எழுதியிருக்கா?" "அப்படித்தான் இருக்கு." அய்யா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாராம். அப்புறம், "அப்ப நான் ரேகை வச்சது அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

வேறொரு தகப்பனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். சின்னச்சாமியால் முடியாது. அவரே எடுத்த பிள்ளை. பண்ணைக்காட்டில் பிறந்தவர். ஏழு வயதில் வடகவுஞ்சியில் பிள்ளையில்லாத பங்காளி வீட்டுக்கு மகனாகக் கொடுக்கப்பட்டவர். கொடுத்த பிள்ளைக்குப் பெற்றவர் மேல் பாத்தியம் கிடையாது. கொள்ளிக்குடம் தூக்க முடியாது, மொட்டை போட முடியாது. அவரைப் பெற்றவர் இறந்தபோது அண்ணன் தம்பிகள் மூன்று பேர் தலை மழித்து நிற்க, அவர் மட்டும் முடியோடு ஊராரோடு ஊராராக நின்றார். அந்த மனிதருக்கு 'மகனாக எடுப்பது' என்பது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. மூத்த பிள்ளையை யாரும் கொடுக்க மாட்டார்கள். தான் என்னவென்று தெரியாமல் கட்டைவிரலால் கொடுத்துவிட்டோம் என்று அவர் நினைத்தார்.

சந்தேகம் மிச்சம் இருந்திருந்தால், அதையும் அடுத்த மாசம் வெர்னா தீர்த்து வைத்தாள். அய்யாவுக்கு ஒரு கம்பளி, அம்மா கந்தம்மாளுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று பார்சல் அனுப்பினாள். பிள்ளை எடுக்கிற வீட்டார் பெற்றவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதுதான் முறை. பாவம், அந்த அம்மாளுக்கு இது எப்படித் தெரியும்? அய்யா கம்பளியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி உள்ளே வைத்தார்.

அக்டோபரில் மயில்சாமி திரும்பினான். வீட்டு வாசலில் கால் வைத்ததும் அய்யா எழுந்து நின்றார்.

"வாங்க தம்பி. பிரயாணமெல்லாம் நல்லபடியா இருந்துச்சுங்களா?"

கேலி செய்கிறார் என்று நினைத்து மயில்சாமி சிரித்தான். அய்யா சிரிக்கவில்லை. உட்காரப் பாய் விரித்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவனுக்கு மட்டும் வாழை இலை போட்டுப் பரிமாறச் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "பெத்த புள்ளையை வாங்க போங்கன்னா நல்லாவா இருக்கு?" என்றாள். அய்யா அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் வழி இருந்திருக்கும்.

மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோலி? இருங்க" என்று கையிலிருந்து வாங்கித் தம்பி பொன்னுச்சாமியிடம் கொடுத்தார். "ஏலே, நீ வா." அந்த ஏலே தம்பிக்குப் போனது.

மயில்சாமி சொல்லிப் பார்த்தான். அங்கே எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள், அது வெறும் பேச்சு, வந்த எல்லாப் பையன்களும் அந்தந்த வீட்டில் டாட் என்றுதான் கூப்பிட்டார்கள் என்றான். "சரிங்க" என்றார். பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடந்து அந்தக் காகிதத்தின் நகலை வாங்கி வரிவரியாகத் தமிழில் சொன்னான். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆபீசுக்காரங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க. ரேகை வச்சது நானு. குடுத்தது குடுத்ததுதான்" என்றார். அமானுல்லா ஒரு சந்தை நாள் முழுக்க வியாபாரத்தை விட்டுவிட்டு எடுத்துச் சொன்னார். அவருக்கும் அதே சரிங்க.

மூன்று மாசம் கழித்து மயில்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. எல்மருக்கு மாசம் ஒரு கடிதம் எழுதுவான். டியர் டாட் என்று தொடங்குவான். அதை நிறுத்தினான். டியர் மிஸ்டர் புரூக்ஸ் என்று எழுதி, அய்யா முன்னால் அமானுல்லாவை விட்டு வாசிக்கச் சொன்னான். "பாருங்க அய்யா, மிஸ்டர்னுதான் போட்டிருக்கேன். அவரு எனக்கு அப்பா இல்லை."

"பெரியவங்களுக்கு மரியாதையாத்தாங்க எழுதணும்" என்றார் அய்யா.

அப்படியும் அவன் விடவில்லை. அன்றிலிருந்து எழுதிய கடிதமெல்லாம் மிஸ்டர் புரூக்ஸ், மிசஸ் புரூக்ஸ்தான். பையன் என்று எல்மர் எழுதினால் அதற்குப் பதில் எழுதாமல் உருளைக்கிழங்கு விலையைப் பற்றி எழுதினான். கடிதமும் மாசத்துக்கு ஒன்றாக இருந்தது மூன்று மாசத்துக்கு ஒன்றானது. அய்யா என்றைக்காவது கேட்பார், என்றைக்காவது மனசு மாறுவார் என்ற ஒரே எண்ணம் அவனுக்கு.

வருஷங்கள் போயின. மேட்டுக்காட்டில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகக் கிழங்கு போட்டான். குப்பம்மாளைக் கட்டினான். கல்யாணத்தில் அய்யா மணவறைப் பக்கம் வரவில்லை. வந்தவர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, "போயிட்டு வர்றேங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சித்தப்பா முறையுள்ள ஒருவர் தகப்பன் ஸ்தானத்தில் நின்றார். ஊர் இரண்டு வருஷம் பேசியது, அப்புறம் ஊருக்கும் அலுத்துவிட்டது. மயில்சாமிக்கு எதுவும் அலுக்கவில்லை, வலிக்கவும் இல்லை. வீட்டுக்குள் போனால் விருந்தாளி, வெளியே வந்தால் அமெரிக்கா. இரண்டுக்கும் அவன் பழகிவிட்டான். விஸ்கான்சினில் முதல் இரண்டு மாசம் இருந்தானே, அதே இருப்பு. இங்கே அது வருஷக்கணக்கில் நீண்டது.

1967 கார்த்திகையில் அய்யாவுக்கு மூச்சுத் திணறல் வந்து படுத்துவிட்டார். அவன் தினமும் பகலில் போய்ப் பக்கத்தில் உட்காருவான். ஒரு நாள் யாரும் இல்லை. அவனுக்குத் தன் வாயிலிருந்து வருகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"அய்யா, ஒரே ஒரு தடவை ஏலேன்னு கூப்பிடுங்க. வேற எதுவும் வேணாம்."

"ஆசையில்லாமலாங்க இருக்கேன்" என்றார் அய்யா. மூச்சு வாங்கியது. "குடுத்த புள்ளையை நாக்கால திரும்ப வாங்கக் கூடாதுங்க. பண்ணைக்காட்டுக்கு நான் போறப்பல்லாம் என்னைப் பெத்தவரு வாசல்லயே நின்னு வாங்கன்னுதான் சொல்லுவாரு. கடைசி வரைக்கும் அதான். எனக்கு அப்ப ஏழு வயசுங்க."

நான்காம் நாள் இறந்தார். பொன்னுச்சாமி கொள்ளிக்குடம் தூக்கினான். பொன்னுச்சாமி மொட்டை போட்டான். மயில்சாமி பந்தலோரம் முடியோடு நின்றான். மனசுக்குள் ஒன்றுமே இல்லை. வந்தவர்கள் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஞாபகம். எல்லோரும் அழுகிற இடத்தில் அழாமல் நிற்கிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தது.

அய்யா இறந்ததை அவன் எல்மருக்கு எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

அடுத்த மார்ச்சில் சந்தைக்குப் போனபோது அமானுல்லா ஒரு கடிதத்தை நீட்டினார். வெர்னாவின் கையெழுத்து. கடை வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து பிரித்தான்.

ஜனவரியில் எல்மர் மாட்டுக் கொட்டகையில் விழுந்து இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள். தனியாகத்தான் இருக்கிறாளாம், மாடுகளை விற்றுவிட்டாளாம். அப்புறம் இப்படி இருந்தது: 'உன் கடிதம் வந்தால் அவர் முதல் வரியைத்தான் பார்ப்பார். இன்னும் மிஸ்டர் என்றுதான் போட்டிருக்கிறான் என்பார். பிறகு மீதியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். நாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று ஆறு வருஷம் யோசித்தோம். ஏன் திடீரென்று எங்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க ஆரம்பித்தாய்? இனி அவரிடம் சொல்ல முடியாது. எனக்காவது சொல்.'

கடிதத்தோடு அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தாள். அவருக்கு மனைவி இருக்கிறார், இந்தியாவில் ஒரு மகன் இருக்கிறான் என்று அதில் போட்டிருந்தது. மயில்சாமி என்ற பெயரைத் தப்பும் தவறுமாக அச்சடித்திருந்தார்கள்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். தனக்கு அய்யா செய்ததை, அதே மரியாதையோடு, தான் ஒரு கிழவருக்கு ஆறு வருஷமாகத் தபாலில் செய்து அனுப்பியிருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அய்யாவுக்காவது ஒரு ரேகை, ஒரு கம்பளி என்று காரணம் இருந்தது. எல்மருக்குத் தான் என்ன காரணம் காட்டினோம்?

"என்னப்பா சேதி?" என்றார் அமானுல்லா.

"அப்பா தவறிட்டாரு பாய்."

"சின்னச்சாமி மவுத்தாகி நாலு மாசம் ஆச்சேப்பா" என்று தொடங்கிய அமானுல்லா, தபால்தலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மயில்சாமி எழுந்தான். இதுவரை ஊரிடமும் வீட்டிடமும் ஒன்றே ஒன்றைத்தான் அவன் சாதித்து வந்தான். நான் கொடுக்கப்பட்டவன் இல்லை, சின்னச்சாமியின் மூத்த பிள்ளை. இப்போது செய்யப் போவதைச் செய்தால் அந்த வழக்கு முடிந்தது. அவன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தெருமுனைச் சலூனில் போய் உட்கார்ந்து, "மீசையோட எடுத்திருங்க" என்றான். தலையில் தண்ணீரைத் தெளித்து முதல் இழுப்பு இழுத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. சாதாரண அழுகை இல்லை, தோள் குலுங்கக் குலுங்க வந்தது. கத்தி பட்டுவிட்டதோ என்று சலூன்காரர் பதறிப் போய்க் கண்ணாடியை எடுத்து முன்னால் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி வாசலில் நின்றான். அவன் தலையிலும் முடி அரைகுறையாகத்தான் வளர்ந்திருந்தது. அண்ணன் தலையைப் பார்த்ததும் அவனுக்கு வந்த கோபத்தைத் தப்பென்று சொல்ல முடியாது.

"அய்யாவுக்கு எடுக்காத மொட்டை எவனோ வெள்ளைக்காரனுக்கா?"

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஆறு வருஷமாகப் புருஷனோடு சண்டை போட்டவள் அவள், தன் பிள்ளையை யாருக்கும் கொடுக்கவில்லை என்று. மொட்டைத் தலையைப் பார்த்தாள். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு அங்க வேற புள்ளை இல்லையா?"

"இல்லம்மா. ஒருத்தன் இருந்தான், சண்டையில செத்துட்டான்."

அவள் தலையை அசைத்தாள். சின்ன மகன் பக்கம் திரும்பி, "சும்மா இருலே. ஒங்கய்யா இருந்தா, இவன் செஞ்சதுதான் மொறைன்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

அது உண்மை. அய்யா பார்த்து மெச்சியிருக்கக்கூடிய ஒரு காரியத்தை மயில்சாமி இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகச் செய்திருந்தான். அவனிடம் சொல்லியும் இருப்பார், "நல்லதுங்க" என்று.